ஏழில் நிற்கும் எண்ணிக்கை

பென்சிலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடிப்பாள் சிட்டு. துணி கிளிப்பை அழுத்தி அழுத்தி அட்டை விளிம்பு முழுக்க மாட்டுவாள். ஈரப் பஞ்சைப் பிழிந்து ஒரு கிண்ணத்துத் தண்ணீரை இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றுவாள். மாவை உருட்டிப் பாம்பு செய்து, அந்தப் பாம்புக்கே பயந்து பள்ளி ஆயாவின் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஐந்து வயதுக்கு விரலில் பலத்துக்குக் குறைச்சலே இல்லை. பென்சிலை நீட்டினால் மட்டும் கை முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

டீச்சர் அவசரப்படவில்லை. விளையாடி விளையாடித்தான் விரல் எழுத்துக்கு வர வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள். மழலைப் பள்ளியின் மூலையில் இருந்த அவள் அறையில் கரும்பலகை கூடக் கிடையாது. மணல் தட்டும் கோர்க்கிற மணிகளும்தான். இந்த ஞானம் பிறவியிலேயே வந்துவிட்டதா என்ன? இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், வேறொரு பள்ளியில், 'அடியாத மாடு படியாது' கட்சிக்கு அவள்தான் தலைவி. இங்கே யாருக்கும் அது தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மணலைச் சலித்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ எண்ணுவது கேட்டது. மூச்சோடு மூச்சாக, மெதுவாக. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழில் நின்றது. பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து. டீச்சருக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பினால், சிட்டு மட்டும் மூடியிருந்த பென்சில் டப்பாவைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"என்ன டீச்சர், பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்று சிரித்தாள் ஆயா.

பேயாக இருந்தால் தேவலை. அந்த எண்ணிக்கை டீச்சருடையது. அந்தப் பழைய பள்ளியில் எழுத்து கோணினால் பிள்ளையின் விரல்களுக்கு நடுவே பென்சிலைச் செருகி, மேலே தன் கையை வைத்து இறுக்குவாள். பிள்ளையே பத்து வரை எண்ண வேண்டும். நடுவில் அழுதால் மறுபடியும் ஒன்றிலிருந்து. பெரும்பாலும் ஏழில் அழுதுவிடுவார்கள். அவளே யோசித்துக் கண்டுபிடித்த விதி அது. அந்தப் பள்ளியோடு செத்துப்போயிற்று என்று நம்பியிருந்தாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். அதற்குப் பிறகு அந்த அறையில் தனியாக இருக்கவே பயந்தாள். குழாய் சொட்டினால் எண்ணினாள். ஏழாவது சொட்டு விழுமுன் ஓடிப்போய்க் குழாயை இறுக்கினாள். மணி கோர்க்க உட்கார்ந்த பிள்ளைகளிடையே பழைய பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். முகம் எதுவும் ஞாபகமில்லை, விரல்கள்தான் ஞாபகம்.

வெள்ளிக்கிழமை சிட்டு பொம்மையை மடியில் வைத்து விளையாடினாள். அதன் துணி விரல்களுக்கு நடுவே கிரயானைச் செருகி, தன் பிஞ்சுக் கையால் இறுக்கினாள்.

"ஏழு... அழுதுட்டியா? மறுபடியும் ஒண்ணுல இருந்து."

கோபமே இல்லாத நிதானமான குரல். அந்தக் காலத்தில் டீச்சர் அப்படித்தான் சொல்வாள்.

"யாரும்மா உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

"அம்மா. வீட்டுல எழுதும்போது."

சாயங்காலம் சிட்டுவின் அம்மா வந்தாள். மருந்துக்கடையில் வேலை. இதுவரை வாசலோடு போய்விடுகிறவள். அவளிடம் கேட்டால் தன் பழைய கதை வெளியே வரும். கேட்காவிட்டால் இன்றைக்கும் சிட்டுவின் விரல்களுக்கு நடுவே பென்சில் போகும். டீச்சர் சிட்டுவை ஆயாவோடு ஊஞ்சலுக்கு அனுப்பிவிட்டுக் கேட்டாள்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"சொல்லிட்டாளா? உங்களுக்கு என்னை அடையாளம் தெரியலை, இல்ல டீச்சர்? நான் உங்ககிட்ட படிச்சவ. மூணாவது வரிசை, ஜன்னலோரம். டாக்டருங்க கிறுக்கறதை எல்லாம் கடையில நான்தான் திருத்தமா எழுதிக் கொடுக்கறேன். கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு சொல்லாதவங்க இல்ல. எல்லாம் நீங்க போட்ட பிச்சை. அதனாலதான் உங்களைத் தேடி வந்து இவளைச் சேர்த்தேன். இங்க வெறும் விளையாட்டாவே இருக்கவும், வீட்டுல நானே..."

வசையாக இருந்தால் டீச்சர் தாங்கியிருப்பாள். அதற்குத்தான் இருபத்தைந்து வருடமாகத் தயாராகியிருந்தாள்.

"அது தப்பும்மா. அப்பவே தப்பு. உன் கையெழுத்து உன்னால வந்தது. நான் பண்ணது கொடுமை. என்னை மன்னிச்சிடு. குழந்தைக்கு அதைப் பண்ணாதே."

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"தப்புன்னு சொல்லாதீங்க டீச்சர்." குரல் ஏழு வயதுக் குரலாகியிருந்தது. "தப்புன்னா, அப்ப நான் அழாம எண்ணினதெல்லாம் எதுக்கு?"

சிட்டு உள்ளே ஓடிவந்து அம்மாவின் புடவையைப் பிடித்தாள்.

"அம்மா, இன்னைக்கு எழுதணுமா?"

அம்மா குழந்தையின் கையை விரித்துப் பார்த்தாள்.

"இன்னைக்கு வேணாம்" என்றாள்.

நாளைக்கு என்ன என்று கேட்க டீச்சருக்குத் தைரியம் வரவில்லை.