தட்டில் வெட்டிய பெயர்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்த மூன்றாம் நாள், சங்கரேஸ்வரியின் பரோட்டாக் கடைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. கோர்ட்டு வாசலைக்கூட மிதிக்காதவள் அவள்.

கடை வாசல் போர்டில் இருக்கும் பரோட்டா படம் பெங்களூரில் ஒரு படக் கம்பெனிக்குச் சொந்தமாம். அவர்களுடைய ஸ்டுடியோவில், அவர்களுடைய ஆள் எடுத்ததாம். அறுபதாயிரம் கட்டவேண்டும், போர்டை இறக்கவேண்டும். கூடவே ஒரு கடிதம்: 'சங்கரேஸ்வரியாகிய நான் இப்படத்தைத் திருடிப் பயன்படுத்தினேன் என ஒப்புக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

பணத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடுவாள். 'திருடி' என்ற வார்த்தையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

போர்டு அடித்துக் கொடுத்த தென்காசி மணிகண்டபிரபுவைப் போனில் பிடித்தாள்.

"நெட்ல குத்தாலம் பரோட்டான்னு போட்டேன்க்கா. மொதல்ல வந்த படத்தை எடுத்துட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்தாவ."

"அடுத்தவன் படமா இருக்கும்னு தெரியாதாலே?"

"நெட்ல கெடக்குததுக்கு யாருக்கா ஓனரு? பேசி பாதியா கொறச்சு முடிச்சிருங்க."

இந்த மகராசனை நம்பித்தான் ஊரில் பாதிக் கடைகள் போர்டு மாட்டியிருக்கின்றன!

கல்லில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் சுடலைமுத்துவும் அதையே சொன்னான். "கையெழுத்தைப் போட்டுத் தொலைச்சிரு ஏட்டி. சீசன் நேரத்துல எவன் கோர்ட்டுக்கு அலைய?"

"அடுத்தவன் படம்னா இறக்கிருதேன். மன்னிப்பும் கேக்குதேன். திருடினேன்னு எழுதிக் கொடுக்க மாட்டேன். ஒருத்தர்ட்ட ஒரு குண்டூசி எடுத்திருப்பேனா நான்?"

அப்படி என்னத்தைத்தான் திருடிவிட்டோம் என்று பார்க்க, நோட்டீஸோடு இணைத்திருந்த படத்தைக் கையில் எடுத்தாள். வாழையிலைத் துண்டு, அதன் மேல் இரண்டு பரோட்டா, வழியும் சால்னா, இலைக்கு வெளியே தெரியும் தட்டின் விளிம்பு. போர்டில் கடைப் பெயர் மறைத்திருந்த அந்த விளிம்பில் ஏதோ கீறியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

'கரேஸ்வரி, குத்'.

சங்கரேஸ்வரி, குத்தாலம். அவள் கடைத் தட்டு!

சீசனுக்கு வேனில் வருகிறவர்கள் சாப்பிட்ட தட்டோடு ஏறிப் போய்விடுவார்கள். அதனால் கடை திறந்தபோதே தட்டு, தம்ளர் எல்லாவற்றிலும் பெயர் வெட்டி வைத்திருந்தாள். கரண்டியைக்கூட விடவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பெங்களூர்க்காரன் அதைப் பூவேலை என்று நினைத்திருப்பான், பாவம்.

போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கிடைத்துவிட்டது. கடை திறந்த அன்று, நெட் மேப்பில் கடைப் பெயரோடு போடுவதற்காக அவளே எடுத்தது. அவர்கள் பளபளப்பாக்கி, ஓரத்தை வெட்டியிருந்தார்கள். வெட்டிய ஓரத்தில் தட்டைப் பிடித்திருக்கும் அவளுடைய இடது கை, எண்ணெய் தெறித்த தழும்போடு. சொந்தத் தட்டையே அடையாளம் தெரியாமல் இரண்டு நாள் கூனிக் குறுகிக் கிடந்தோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

நோட்டீஸில் இருந்த கம்பெனி நம்பரைக் கூப்பிட்டாள். தமிழ் பேசும் பையன் ஒருவன் எடுத்தான்.

"சொல்லுங்க மேடம், செட்டில் பண்ணிடுறீங்களா?"

"தம்பி, அந்தப் படம் ஒங்க ஸ்டுடியோல எடுத்ததா?"

"ஆமா மேடம். ரெக்கார்டு இருக்கு."

"அப்பம் என் தட்டு எப்படிப்பா அங்கன வந்துச்சு?"

"எந்தத் தட்டு?"

"படத்தைப் பெருசாக்கி, தட்டு ஓரத்தைப் பாரு. தமிழ் வாசிக்கத் தெரியும்லா? சத்தமா வாசி."

அவன் வாசிக்கவில்லை. "மேடம், ஏதோ தவறு நடந்திருக்கு. இதை இதோட முடிச்சுக்கலாம்" என்றான்.

"நீ முடிப்ப. எனக்கு இனிமேத்தான் ஆரம்பம். முழுப் படமும் எங்கிட்ட இருக்கு, எடுத்த தேதியோட."

மறுநாள் காலை, தென்காசிக்குப் பஸ் ஏறினாள். முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டு வாங்கினாள். தபாலாபீஸ் மேஜையில் அவர்கள் அனுப்பியிருந்த கடிதத்தை விரித்து, 'சங்கரேஸ்வரி' என்பதை மட்டும் அடித்துவிட்டு, மேலே கம்பெனியின் பெயரை எழுதினாள். 'திருடி' என்ற வார்த்தையில் கை வைக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

படத்தையும் கடிதத்தையும் பெங்களூருக்கான பதிவுத் தபால் உறையில் போட்டு ஒட்டப் போனவள், ஏதோ நினைத்துக் கடிதத்தை மறுபடி வெளியே எடுத்தாள். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று அவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாதே என்று, கீழே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.