அடைத்த வழி

ஓசூருக்குக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலத்தில், கெலமங்கலத்து அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பு அது. சுவரில் ஒரு முனையைச் செருகிய கருங்கல் பலகைகளே படிகள். மூன்றாம் மாடியில், கோவில்பட்டியிலிருந்து வந்த பேச்சியம்மாள் மகன் ரத்தினவேலுடன் பன்னிரண்டு வருடமாக இருந்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, அவன் வேலைக்குப் போன பிறகு, மொட்டைமாடித் தொட்டியின் கசிவில் ஊறிப்போயிருந்த படிக்கட்டுச் சுவர் பிளந்து, பலகைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பேச்சியம்மாள் கதவைத் திறந்தால் நாலடிக்கு அப்பால் பள்ளம். எதிர்வீட்டுப் பிரவீனா, எட்டு மாதக் கர்ப்பிணி, சுவரோடு ஒட்டியே நடந்து இவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எல்லா ஜன்னலிலும், பால்கனியிலும் கம்பி. தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழையவில்லை. கூரையிலிருந்து காரை உதிர்ந்துகொண்டே இருந்தது. பிரவீனா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்து அழுதாள்.

மதியத்துக்கு மேல், கீழே வந்து நின்ற ரத்தினவேலின் போனிலிருந்து ஒரு கிழவர் பேசினார். திம்மராயன், இந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த கொத்தனார். முன்பு பக்கத்துக் கட்டடமும் இதுவும் ஒன்றுதானாம். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது, மாடிக்கு மாடி இருந்த நடைவழியை அடைத்துவிட்டார்களாம்.

"நாந்தாம்மா அடைச்சேன். ஒத்தச் செங்கல்லு கனத்துச் செவுருதான். சமையல் ரூம்புல தட்டிப் பாருங்க. எங்க சத்தம் மாறுதோ, அங்கயே தட்டிக்கிட்டு இருங்க, அந்தச் சத்தத்த வெச்சு நாங்க பக்கத்து வீட்டுலேர்ந்து இடிக்கிறோம்."

தோசைத் திருப்பியால் அவள் அங்குலம் அங்குலமாகத் தட்டினாள். அலமாரிக்குப் பின்னால் சத்தம் மாறியது. இருவரும் அலமாரியை நகர்த்தினார்கள். கை மரத்தும் அவள் நிறுத்தவில்லை. அரைமணி கழித்து மறுபக்கத்திலிருந்து கடப்பாரை இடித்தது. செங்கல் ஒன்று உள்ளே விழுந்தது.

ஆள் நுழையும் அளவு வழி திறந்ததும், முதலில் பிரவீனாவை அனுப்பினாள். பிறகு தானும் குனிந்து நுழைந்து, முன்பின் பார்த்திராத ஒரு குடும்பத்தின் படுக்கையறையில் போய் நின்றாள்.

அன்றே கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். லிஃப்ட் உள்ள இடமாகப் பார்ப்பதாக மகன் சொன்னான்.

"மாடியே வேண்டாம்யா. தரையோட பாரு."

மத்திகிரியில் தரைத்தள வீடு கிடைத்தது. பிரவீனாவுக்குப் பெண் பிறந்ததாகச் செய்தியும் வந்தது. பேச்சியம்மாள் பகலில் வாசற்கதவைச் சாத்துவதில்லை. குளிக்கப் போனாலும் தாழ்ப்பாள் போடாமல், உள்ளிருந்து பேசிக்கொண்டே குளிக்கிறாள்.