ரெட்டைச் சைக்கிளின் பின்சீட்டு

வில்ஃப் ஹார்லண்டும் அவன் மனைவி மேவிஸும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே சைக்கிளில்தான் போவார்கள். பச்சை நிற ரெட்டைச் சைக்கிள் அது. ஹேண்டில்பார், பிரேக், கியர், எந்த முக்கில் திரும்புவது, எங்கே நின்று டீ குடிப்பது எல்லாம் முன்சீட்டில் இருக்கும் வில்ஃபின் பொறுப்பு. பின்சீட்டில் மேவிஸ். அவளுக்கு மிதிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அதையும் அவள் ஒழுங்காகச் செய்வதில்லை என்பது வில்ஃபின் நெடுநாள் புகார்.

"மிதி, மேவிஸ், மிதி! சும்மா உட்கார்ந்து வர இது என்ன பஸ்ஸா?" என்று ஒவ்வொரு ஏற்றத்திலும் கத்துவான். எங்கள் சைக்கிள் சங்கத்தில் எல்லோருக்கும் அது மனப்பாடம். இங்கிலாந்தின் கிழக்குக் கடலோர ஊரான விட்பியில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது என்பதால் எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே மனப்பாடம்.

எண்பத்து மூன்றாம் வருடம் செப்டம்பரில் ஒரு ஞாயிறு, சங்கத்தில் பாதிப் பேர் ஊரில் இல்லை. இவர்கள் இருவர் மட்டும் காலையில் கிளம்பி மேட்டுப் பொட்டல் வழியாக ரோஸ்டேல் போனார்கள். அங்கே சாப்பிட்டுவிட்டு, கிளேஸ்டேல் முகட்டுச் சாலையில் இறங்கிக் கடலோரமாக வீடு திரும்புவதாகத் திட்டம். பகலுக்குமேல் கிழக்குக் காற்று எழுந்தது. கடலிலிருந்து மூட்டம் ஏறி வந்து ஹெதர் புதர்களை மூட ஆரம்பித்தது. காற்று நேர் எதிரே. வில்ஃப் குனிந்து, சங்கத்தின் வருடாந்தர விருந்தை எந்த ஓட்டலில் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே மிதித்தான்.

முகட்டின் மேல் சாலைக்குக் குறுக்கே ஆடுகளுக்காக ஒரு மரக்கதவு இருந்தது. மேவிஸ் இறங்கித் திறந்தாள். வில்ஃப் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய் முன்சீட்டில் ஏறி, ஒரு காலை ஊன்றி நின்றான். மேவிஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து பின்சீட்டில் கை வைத்தாள். அதற்குள் கதவு மறுபடி ஆடியது. கொக்கி சரியாக விழவில்லை. சீட்டைத் தட்டிவிட்டு, "இரு, வரேன்" என்று சொல்லித் திரும்பினாள். காற்றில் வில்ஃபுக்குத் தட்டியது மட்டும்தான் தெரிந்தது. ஏறிவிட்டாள் என்று எண்ணி உந்தி மிதித்துவிட்டான்.

மேவிஸ் கூப்பிட்டாள். கொஞ்ச தூரம் ஓடினாள். காலில் இருந்தது சைக்கிள் செருப்பு, ஓட வராது. பச்சை சைக்கிள் மூட்டத்துக்குள் நுழைந்தது. அவன் குரல் மட்டும் சிறிது நேரம் கேட்டது. ஓட்டல்காரன் போன வருடம் போட்ட உருளைக்கிழங்கைப் பற்றி அவளிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தான்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதோ வந்துவிடுவான் என்று கதவின்மேல் ஏறி உட்கார்ந்தாள். பிறகு குளிர் வந்தது. அவளுடைய மழைக் கோட்டு, ரொட்டி, பணப்பை எல்லாம் அவன் பையில். ஒரு ஆடு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிற்று. குளிருக்குப் பின்னால் கோபம் வந்தது. வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு உறைத்திருக்காது. இவ்வளவு நேரமாகியும் அவனுக்குத் தெரியவில்லையே என்பதுதான் உறைத்தது.

கடைசியில் ஒரு லேண்ட்ரோவர் வந்தது. ஓட்டி வந்தவள் ஹெட்டி பாய்ஸ், டான்பி பக்கத்து வேட்டைக்காட்டுக் காவலரின் மனைவி. பின்னால் இரண்டு நாய்கள்.

"என்ன கண்ணு, இங்க எதுக்கு உட்கார்ந்திருக்க? பஸ்ஸுக்கா?"

"புருஷன் விட்டுட்டுப் போயிட்டார்."

"அடப்பாவி! சண்டையா?"

"சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லையே. நான் சைக்கிள்ல இல்லன்னே அவருக்குத் தெரியல."

ஹெட்டி என்ஜினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து ஓயும்வரை மேவிஸ் காத்திருந்தாள்.

"ஏறு. அவர் போன வழியில துரத்திப் பிடிச்சுடலாம்."

மேவிஸ் சாலையைப் பார்த்தாள். "நீங்க எந்தப் பக்கம்?"

"நான் வீட்டுக்கு. டான்பி."

"அப்ப டான்பிக்கே வரேன்" என்றாள் மேவிஸ். கழுத்துத் துணியை அவிழ்த்துக் கதவில் இரட்டை முடிச்சாகக் கட்டினாள். தான் பத்திரமாகத்தான் போனோம் என்பதற்கு அது போதும் என்று நினைத்தாள்.

ஹெட்டி வீட்டில் சூடாக டீ கிடைத்தது. போன் பண்ணச் சொன்னாள் ஹெட்டி. "யாருக்குப் பண்றது? அவர் ரோட்டுலல்லவா இருக்கார்" என்றாள் மேவிஸ். அடுத்த வீட்டில் போனோடு நான் ஒருவன் இருப்பது அவள் நினைவுக்கு வரவில்லை. அல்லது வந்தும் பேசாமல் இருந்தாளோ, நான் கேட்டதில்லை. கொட்டகையில் ஹெட்டியின் மகளுடைய சைக்கிள் நின்றது. மகள் லீட்ஸில் நர்ஸ் படிப்புக்குப் போய்விட்டாள். மூன்று கியர், முன்னால் கூடை.

"இதை எடுத்துட்டுப் போகட்டுமா? அடுத்த வாரம் கொண்டு வந்து விட்டுடறேன்."

"ஓட்டுவியா?"

"தெரியல" என்றாள் மேவிஸ். இருபது வருடத்துக்கு மேலாக அவள் ஹேண்டில்பாரைத் திருப்பியதில்லை. பின்சீட்டில் அவளுக்கு இருந்தது திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டும்தான்.

வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை சாய்ந்தாள். பிறகு சரியாகிவிட்டது. டான்பிக்கு மேலே பொட்டலில் ஏறினாள். மூட்டம் தெற்கே ஒதுங்கியிருந்தது. இத்தனை வருடமாக அவள் அந்தப் பகுதியைப் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறாள். கல்சுவர், ஆடு, சுவர், ஆடு. நேரே பார்த்தால் வில்ஃபின் முதுகு. சாலை தனக்கு முன்னால் நீளமாகக் கிடப்பதும், ஏற்றம் எங்கே முடிகிறது என்று கீழேயிருந்தே தெரிவதும் புதிதாக இருந்தன. லைத் இறக்கம் செங்குத்து. ஆட்கள் விழுந்து எலும்பை முறித்துக்கொண்ட இடம். அதன் உச்சியில் வந்து நின்றபோது கடல் மொத்தமும் எதிரே இருந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் புத்தி என்று அவளுக்குத் தெரியும். அவள் தள்ளவில்லை.

இந்த நேரத்தில் வில்ஃப் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை அவனே என்னிடம் சொன்னான், பெருமையில்லாமல். முகட்டிலிருந்து கிளேஸ்டேல் வரை முழுக்க இறக்கம். பேசிக்கொண்டே வந்துவிட்டான். அவள் பதில் சொல்லாததை, உருளைக்கிழங்கு விஷயத்தில் அவளுக்கு உடன்பாடில்லை என்று எடுத்துக்கொண்டான். ஆற்றைத் தாண்டியதும் லிம்பர் ஏற்றம். சுவரைப் போல நிற்கும். வழக்கம்போல, "மிதி, மேவிஸ்!" என்றான். சைக்கிள் நகரவில்லை. "மிதிடீ, இன்னிக்கு என்ன ஆச்சு உனக்கு!" என்று இன்னும் பலமாகக் கத்திவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து புல்லில் விழுந்தான்.

வேலியோரம் நாயோடு நின்ற ஒரு கிழவர் கைகொடுத்துத் தூக்கினார்.

"யாரைப்பா திட்டுறே?"

"என் பொண்டாட்டியை."

கிழவர் பின்சீட்டைப் பார்த்தார். நாயும் பார்த்தது. "அவங்க இறங்கி ரொம்ப நேரமாச்சு போலிருக்கே" என்றார்.

வில்ஃப் திரும்பினான். அந்த முகடு முழுக்க ரெட்டைச் சைக்கிளைத் தனியாக ஏற்றினான். பாதி மிதித்து, பாதி தள்ளி. இருவர் சைக்கிள் எவ்வளவு கனம் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூட்டம் அடர்ந்திருந்தது. கதவில் துணி கட்டியிருப்பதைப் பார்த்தான். அவளே கட்டியது என்று அவனுக்குத் தோன்றவில்லை. யாரோ வழிப்போக்கர் கீழே கிடந்ததை எடுத்துக் கட்டிவைத்ததாக நினைத்தான். சேற்றுக் குழிகளுக்குள் இறங்கிக் கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு ரோஸ்டேல் போய்ப் போன் பூத்திலிருந்து எனக்குப் பேசினான்.

"மேவிஸைக் காணோம்."

"எங்கே தொலைச்சே?"

"கதவுகிட்ட." சொல்லிவிட்டு அழுதான். அவன் அழுது நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

போலீசுக்குச் சொல்லுமுன் அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. சமையலறையில் மேவிஸ் வெந்நீர்த் தொட்டியில் கால் வைத்து, புகைமீனும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகம் காற்றில் சிவந்திருந்தது.

"மேவிஸ், அவன் உன்னைப் பொட்டல்ல தேடிட்டிருக்கான்."

"தேடட்டும்" என்றாள். ஒரு வாய் சாப்பிட்டாள். "அழறானா?"

"ஆமா."

தட்டைத் தள்ளி வைத்தாள். "போய்க் கூட்டிட்டு வாங்க. ஒரு கம்பளி கொண்டு போங்க, அவன் நனைஞ்சிருப்பான்."

வேனில் போய்க் கூட்டி வந்தேன். வீட்டுக்குள் நுழைந்து அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான், வேற்று வீட்டுக்கு வந்தவனைப் போல.

"லிம்பர் மேட்டுல விழுந்துட்டேன்" என்றான்.

"அடி பட்டுதா?"

"இல்ல." தொப்பியை மேஜைமேல் வைத்தான். "நீ மிதிச்சிட்டுதான் இருந்திருக்க மேவிஸ்."

"இருபது வருஷமா" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு இரவல் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேவிஸ் அதை ஓட்டிக்கொண்டு போனாள். அவள் திரும்பி வருவதற்காக வில்ஃப் ரெட்டைச் சைக்கிளைத் தனியாக ஓட்டிக்கொண்டு பின்னால் போனான். ஹெட்டி இவனை மேலும் கீழும் பார்த்து, "ஓ, இவர்தானா அது?" என்றாள். வில்ஃப் டீயையும் கேக்கையும் குனிந்த தலையோடு முடித்தான். கிளம்பும்போது மேவிஸ் முன்சீட்டுக்குப் போய் நின்றாள். வில்ஃப் பின்னால் ஏறினான்.

அவன் பின்சீட்டுக்கு லாயக்கில்லாத ஆள். இல்லாத பிரேக்கைத் தேடினான், ஒவ்வொரு வளைவிலும் எதிர்ப்பக்கம் சாய்ந்தான். லைத் இறக்கத்தில் அவன் போட்ட சத்தம் கீழே சாண்ட்ஸெண்டில் ஐஸ்கிரீம் வாங்க நின்றவர்களுக்குக்கூடக் கேட்டதாம். மேவிஸ் பிரேக்கைத் தொடவே இல்லை என்று அவன் சொல்கிறான்; தேவையான இடத்தில் தொட்டேன் என்று அவள் சொல்கிறாள். கீழே வந்ததும் வில்ஃப் கடல் சுவரில் போய் உட்கார்ந்தான்.

மேவிஸ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அலை உள்வாங்கியிருந்தது. வசந்தத்துக்குள் தனக்கென்று ஒரு சைக்கிள் வாங்கப்போவதாகச் சொன்னாள். என்ன நிறம் என்று வில்ஃப் கேட்டான். அதை இன்னும் யோசிக்கவில்லை என்றாள்.