வலது கன்னம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போன நூலகத்தில், மார்பளவு வெண்கலச் சிலை ஒன்று. நடுவயதுப் பெண். அடியில் 'என் துணை' என்று மட்டும் பொறித்திருந்தது. ஏதோ பதில் சொல்லத் தயாராக இருக்கும் வாய். அந்தப் பதிலைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் என் கற்பனை.

சிற்பி தன் மனைவியை உயிருக்கு உயிராக நேசித்

(வேண்டாம். முதல் வரியிலேயே நேசித்துவிட்டால் அப்புறம் கதைக்கு என்ன வேலை?)

2

பட்டறையில் இருவருக்கும் ஒரே மேசை. அவர் மெழுகில் உருவம் செய்வார். வார்த்து வந்த வெண்கலத்தை, அவருக்கு வலப்புறம் உட்கார்ந்து, அவள் அரம் போட்டுத் தேய்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதே இடம். அவளை எதிரே உட்காரவைக்காமல், மனதில் இருந்தபடியே அவள் தலையை மெழுகில் செய்து முடித்தார். பெண்டாட்டி முகம் தெரியாதா என்ற தைரியம்.

துணியை விலக்கிக் காட்டினார். அவள் சுற்றி வந்து பார்த்தாள்.

"இடது பக்கம் நான்தான். வலது பக்கம் யாரு, உங்க அக்காவா?"

"எனக்கு ஏது அக்கா?"

"அதான் கேக்குறேன். புருவத்துத் தழும்பு எங்க? மெழுகு தெறிச்சுப் பொசுங்கிச்சே."

"எப்போ?"

அந்த ஒரு சொல்லை அவர் விழுங்கியிருக்கலாம். அவள் அரத்தை எடுத்துக்கொண்டாள்.

3

(தெரியாதவர்களுக்கு: மெழுகின் மேல் மண் பூசிச் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் வெண்கலம் ஊற்றுவார்கள். மண் பூசியபின் முகத்தைத் திருத்த வழியில்லை. மண் குழைத்துத் தயாராக இருந்தது.)

அவள் கண்களில் நீர்

இல்லை. நான் அழவைக்கத்தான் பார்த்தேன். அரத்தின் சத்தம்தான் கூடியது.

சிற்பியைக் கெட்டவராக்கவும் பார்த்தேன். முடியவில்லை. அவள் கை கன்றிப்போகாதிருக்க அரத்தின் பிடியில் பழந்துணி சுற்றிக் கொடுத்தவர் அவர்தான். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க மறப்பது கொடுமை அல்ல, நம்பிக்கை முற்றிப்போன சோம்பல். கடவுள் அதற்கும் மருந்து வைத்திருக்கிறார். பெரிய மருந்தில்லை.

4

அவர் தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்கு வலப்புறம் போட்டார்.

"வெளிச்சத்த மறைக்கிறீங்க."

"கொஞ்சம் திரும்பேன்."

"வேலை கிடக்கு. வேணும்னா நீங்களே பாத்துக்குங்க."

பார்த்தார். புருவத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு தழும்பு. காதோரம் ஒரு மச்சம். சிரிப்பை அடக்கும்போது மட்டும் விழும் ஒரு கோடு. அது இப்போது விழுந்திருந்தது.

"ரொம்ப வலிச்சுதா?"

"அப்போ வலிச்சுது."

அரத்தை நிறுத்தாமலே, புறங்கையால் கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

(இந்த இடத்தில் இன்னொரு வரி எழுதினால் பாவம்.)

5

முடிவு கேட்பீர்கள். ஒன்று: அவர் மெழுகின் வலப்பக்கத்தை வழித்தெடுத்துப் புதிதாகச் செய்தார். இரண்டு: செய்யப் போனவரின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. அந்த அக்கா பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். நீங்க இங்கேயே உக்காருங்க."

சிலையைப் பார்த்தவனுக்கு இரண்டில் எதுவென்று தெரியாதா என்கிறீர்களா? வலது கன்னத்தைச் சுவரை ஒட்டித் திருப்பி வைத்திருக்கிறார்கள். இடுக்கில் கைவிட்டுத் தடவியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.

வேண்டுமானால் நீங்கள் போய்ப் பாருங்கள். தனியாகப் போகவேண்டாம், வீட்டில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழியில், வழக்கமாக நடக்கும் பக்கத்தை விட்டு, அவருக்கு மறுபக்கமாக நடங்கள்.