பத்தாம் நாளில் டூவா சொன்னது

1
இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. என்னுடையதல்ல, டூவாவுடையது. சுவீடனின் கோத்தன்பர்க்கில் நாங்கள் இருவரும் டிராம் ஓட்டுகிறோம். ஒருநாள் ஓய்வறையில் சொன்னாள்:

"நீதான் கதை எழுதுறவளாச்சே, இதை எழுதுடி. நான் எதுக்குக் கோவப்பட்டாலும் ஸ்டெல்லான், 'தேதி நெருங்குதா?'ன்னு கேக்குறான்."

ஸ்டெல்லான் அவள் கணவன். வடக்கே லூலியோவில் ஒரு வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டான், அவளைக் கேட்காமலே.

2
முதல் தொடக்கம்: 'மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் டூவா ஒரு புயலாக...'

(நிறுத்திவிட்டேன். இது ஸ்டெல்லான் எழுதும் வாக்கியம்.)

ஆனால் அந்த வாரம் பொய்யுமல்ல. மார்பு கனக்கும், தூக்கம் கெடும், பயணி முறைத்தாலே கண் கலங்கும். ஏன்? சுகாதார நிலையத்துச் செவிலி விளக்கினாராம்: கருமுட்டை வெளிவந்தபின் ஹார்மோன்கள் ஏறி இறங்குவது இயல்பு, சிலருடைய மூளை அந்த மாற்றத்தைக் கூடுதலாக உணர்கிறது. ஏன் சிலருக்கு மட்டும் என்பது முழுதாகத் தெரியாது.

(அந்தத் 'தெரியாது'வை நம்பித்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.)

3
"ரெண்டு மாசம் தினமும் எப்படி இருக்குன்னு எழுதி வைங்க. தாங்க முடியலன்னா டாக்டரப் பாருங்க," என்றார் செவிலி.

டூவா எழுதினாள். ஆறு கோப்பைக் காப்பி இரண்டானது. பணிமனையிலிருந்து வீட்டுக்கு நடந்தாள். நேரத்துக்குப் படுத்தாள். இரண்டாம் மாதம் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தேன், அவள் அந்த வரியை அடித்துவிட்டாள்.

"பாதிதான் கொறைஞ்சிருக்கு. மார்வலி அப்படியேதான் இருக்கு. ஆனா இதப் பாரு."

குறிப்பேட்டை நீட்டினாள். மாதவிடாய்ச் சுழற்சியின் இருபத்தாறாம் நாள்: 'லூலியோவுக்கு வரமாட்டேன்.' ஒன்பதாம் நாள், 'நன்றாகத் தூங்கினேன்' என்பதற்குக் கீழே, அதே வரி.

"நல்ல நாள்லயும் இதையேதான் எழுதியிருக்கேன்," என்றாள் மெதுவாக.



4
அடுத்த சுழற்சியின் பத்தாம் நாள், ஞாயிறு காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஸ்டெல்லானிடம் லூலியோவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். குரல் உயரவில்லை.

முடிவு அ: அவன் தனியாகப் போனான். முடிவு ஆ: அவன் போகவில்லை. இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்தேன். நடந்தது வேறு. அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் வரமாட்ட?" என்று கேட்டானாம்.

"எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தேன். அவன் ஏன்னு கேப்பான்னு மட்டும் நெனைக்கல," என்றாள் டூவா.

என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். அதற்குள் அவளுடைய டிராம் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. அந்தப் பதிலை நீங்களே சொல்லுங்கள், கதைக்குள் அவன் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான்.