மார்த்தாள் கால் வைக்காத நாள்

1

இந்தக் கதை என் முதுகில் ஆரம்பித்தது. மூன்று வருஷம் முன்பு, 1959-ல், பள்ளிக்கூடத்துப் பெஞ்சு ஒன்றைத் தனியாகத் தூக்கப்போய் (வீம்பு, வேறென்ன) எனக்கு மூச்சுப்பிடிப்பு வந்தது. உத்திரமேரூரில் பார்த்தவர்கள் எல்லாரும் பெருநகருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மார்த்தாள் என்று ஒருத்தி, இரட்டைப் பிள்ளை பெற்றவள். அப்படிப் பெற்றவள் இடது காலால் நீவினால் பிடிப்பு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கு விட்டது. நீவும்போது அவள், "எங்க வூட்டுக்காரருக்கும் அப்பல்லாம் மாருல புடிச்சிக்கினே இருந்திச்சி, வாத்தியாரே" என்றாள். அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார். அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. என் முதுகு சரியாகிவிட்டது, கிளம்பிவிட்டேன்.

கேட்காமல் வந்ததற்கு வெட்கப்பட்டு எழுதுகிறேன். இனி வருவதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "இரும்பு போன்ற உடம்புக்காரனான தானியேல்—"

அடித்துவிட்டேன். அவன் உடம்பை நான் பார்த்ததில்லை. தானியேல் என்ற பெயர்கூட நான் வைத்ததுதான்.

இரண்டாவது தொடக்கம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், பேனா கையில் இருக்க, கண் சொருகியபோது வந்தது. ஏற்றத்தின் நீண்ட மரத்தில் தானியேல் நடக்கிறான். முன்னே நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்குகிறது. திரும்பி மேலேறி நடந்தால் தண்ணீரோடு எழும்புகிறது. மேலே போகும்போதெல்லாம் செய்யாறு மணலும் வெயிலுமாக மிதக்கிறது, நாரைகள் அவன் காலுக்குக் கீழே பறக்கின்றன. பாட்டிலேயே சால்களை எண்ணுகிறான். நாற்பத்திரண்டில் பாட்டு நிற்கிறது.

சால் பிடிக்கும் வேதகிரி கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறார். "இன்னா தானியேலு, நின்னுகினே கீற?"

"மாருல புடிச்சிக்கிச்சி."

"பொண்டாட்டி காலு கீது. உனக்கு இன்னா கவலை?"

இறங்கி, நடவு வயலுக்கு மெல்ல நடக்கிறான். மார்த்தாள் வாய்க்காலில் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு வருகிறாள். அவன் வரப்பில் படுக்க, மூன்று முறை நீவுகிறாள். வலி போய்விடுகிறது. ஆறு மாதமாக, வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை இப்படித்தான். மருந்து கூடவே இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு?

3

இதற்குமேல் பேனா ஓடவில்லை. மார்த்தாளை ஏதும் அறியாதவளாக எழுதியிருந்தேன். மறுநாள் மத்தியானத் தூக்கத்தில் அவளே வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"என்னிய பைத்தியக்காரியாட்டம் எழுதிட்டீங்களே, வாத்தியாரே. எத்தினி பேருக்கு நீவியிருக்கேன். புடிப்புன்னா ஆளு ஒத்த வெரலால காட்டுவான். கட்டவெரலு வெச்சி அமுக்கினா அங்கதான்னு கத்துவான். இவரு கைய மூடிக்கினு மாரு மேல வெச்சிக் காட்டனாரு. எங்க அமுக்கியும் நோவல. புடிப்பு இல்லன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"தெரிந்துமா சும்மா இருந்தாய்?"

"தெரியாத மாதிரி இருந்தேன். ஊருக்கெல்லாம் கேக்கற காலு, சொந்தப் புருஷனுக்குக் கேக்கலன்னா..."

அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்காமல் விடுகிறேன்.

(இந்தப் பக்கத்தை எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் துரைராஜிடம் காட்டினேன். கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு ரசனை கிடையாது. "உழைச்சா வர்றது, உக்காந்தா போறது, தாடைக்கும் இடது கைக்கும் ஏர்றது, இதெல்லாம் நெஞ்சாங்குலை குடுக்கற நோட்டீஸ். உடனே டாக்டர்கிட்ட காட்டணும். சும்மா கீறப்பவே வந்து, வேர்த்து, விடாம இருந்தா ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது. விரலால காட்றவனும் திரும்பத் திரும்ப வந்தா ஒருவாட்டி காட்டிடறது நல்லது" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.)

4

மீண்டும் வரப்பு. மார்த்தாள் காலைக் கழுவி நிமிர்கிறாள். தானியேல் படுத்திருக்கிறான். அவள் கால் இன்னும் அவனைத் தொடவில்லை. அதற்குள் அவன் முகம் தெளிந்திருக்கிறது.

"பூட்ச்சா?" என்கிறாள்.

அவன் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

"நான் கால் வெக்கல. வலி பூட்ச்சான்னு கேக்கறேன்."

"படுத்தாலே பூடுது மார்த்தா."

"எத்தினி நாளா?"

"மொதல்லருந்தே."

"அப்பறம் இன்னாத்துக்குப் படுத்துக்கினு காட்டற?"

"நீ கால் வெச்சா நல்லாகீது" என்கிறான், கண்ணை மூடிக்கொண்டு.

இந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. ஒருவர் மனம் மற்றவரால் நோகக் கூடாதென்று இருவருமாக ஆறு மாதத்தை வீணாக்கியிருக்கிறார்கள். இதைவிட அன்பான முட்டாள்தனத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

"நாளைக்கே காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்கிறாள் மார்த்தாள்.

"நடவு முடியட்டும்."

5

நடவு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் போகச் சட்டை மாட்டும்போதே அவனுக்கு வந்துவிட்டது. ஒரு வேலையும் செய்யவில்லை. உட்கார்ந்தான், போகவில்லை. படுத்தான், அப்போதும் போகவில்லை. புதுச்சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. அவளும் வேதகிரியுமாக அவனைக் கட்டிலோடு சாலைக்குத் தூக்கி வந்தார்கள். காஞ்சிபுரம் பஸ் தூரத்தில் புழுதிக்குள் தெரிந்தது, வருகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாதபடி.

கூட்டம் சேர்ந்துவிட்டது. அவளிடம் நீவிக்கொண்டவர்கள்தான் எல்லாரும்.

"காலு வெய்யேன், மார்த்தா" என்றாள் கோவிந்தம்மாள். "பஸ்ஸு வர்றதுக்குள்ள பூடும்."

தானியேலும் அவள் காலைப் பார்த்தான்.

மார்த்தாள் புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். "என் காலு புடிப்புக்குத்தான். இது புடிப்பு இல்ல. இதுக்கு என் காலுல ஒண்ணும் இல்ல" என்றாள், ஊர் முழுக்கக் கேட்கும்படி.

பஸ் நின்றது. ஏற்றினார்கள்.

6

முடிவு இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவன் பிழைத்துத் திரும்புகிறான். ஒன்றில் திரும்பவில்லை.

இரண்டையும் கிழித்தேன். பிழைத்தான் என்றால், ஆறு மாதம் பொறுக்கலாம் போலிருக்கிறதே என்று நீங்கள் மறுபடி படுத்துக்கொள்வீர்கள். செத்தான் என்றால், ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் என்ன ஆயிற்று என்று படுத்துக்கொள்வீர்கள். உங்களை எனக்குத் தெரியும். நானும் அந்த ரகம்தான்.

அதனால் பஸ் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அவன் தலை அவள் தோளில் இருக்கிறது. அவள் டிரைவரிடம் கேட்கிறாள்: "கொஞ்சம் வேகமா போறியா, நைனா?"