வேறு கோப்புறையில் உருவான குழாய்

காலை பதினொன்றே முக்கால். கோவை அலுவலகத்தில் சைமன் திரையைப் பார்த்தான். கோபிசெட்டிபாளையத்துக் கோழிக்கொட்டகையிலிருந்து கடைசி வெப்ப அளவு நேற்று மாலை ஆறு மணிக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பிழைச் செய்திகூட இல்லை.

நேற்று மாலை ஆறு மணிக்குத்தான் அவன் இங்கிருந்தபடியே கொட்டகைக் கணினியின் நிரலைப் புதுப்பித்திருந்தான்.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. அளவெடுக்கும் நிரல், வெப்பம் ஏறினால் கொட்டகையில் மணியடிக்கும் நிரலுக்குச் செய்தி அனுப்ப, ஒன்று எழுத மற்றது படிக்கும் ஒரு குழாய்க் கோப்பை உருவாக்கும். சைமன் அதன் பெயரை மட்டும் எழுதியிருந்தான், இடத்தை எழுதவில்லை. புதிதாகச் சேர்த்த வரி நிரலை வேறு கோப்புறைக்கு நகர்த்திவிட, குழாய் அங்கே உருவாகிவிட்டது. படிக்க ஆள் வரட்டும் என்று அளவெடுக்கும் நிரல் அங்கேயே நின்றுவிட்டது. மணியடிக்கும் நிரலோ பழைய கோப்புறையில், பழைய குழாயின் அருகில் காத்திருந்தது.

வெளியே ஏப்ரல் வெயில். அடைத்த கொட்டகை அது. விசிறிகள் நின்றால் ஆறாயிரம் கோழிகளும் அரை மணி நேரம் தாங்காது.

சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே இப்போது எப்படி இருக்கிறதென்று அவனுக்கும் தெரியாதே. நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டு, கொட்டகை உரிமையாளர் தம்பிதுரையை அழைத்தான்.

"தப்பு என்னுதுங்க. நேத்திருந்து மணி வேலை செய்யலீங்க. உள்ளே யாராவது பாக்கோணுங்க."

"ஏனுங்க, இப்பச் சொல்றீங்க! நான் சத்தியமங்கலத்துல கல்யாணப் பந்தியில உக்காந்திருக்கேன். கருப்பாத்தாளுக்குப் போனப் போடுங்க, சீக்கிரம்!"

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் கருப்பாத்தாள் உடனே எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் ஓடினார். மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"அய்யோ சாமி! மூணு பேஸ்ல ஒரு பேஸ் கரண்டு இல்லீங்க. நாலு பேன் நின்னுபோச்சு. முப்பத்தாறு டிகிரி காட்டுது. கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குதுங்க!"

"பக்கத்துப் படுதாவைத் தூக்குங்கக்கா, காத்து உள்ள வரட்டும்!"

"அதைத்தான் தூக்கிட்டிருக்கறேன். நீங்க உங்க பொட்டியப் பாருங்க!"

சைமன் விசைப்பலகைக்குத் திரும்பினான். இரண்டு குழாய்களையும் அழித்தான். சரியான கோப்புறையை முழு முகவரியோடு திறந்து, அதைச் சுட்டும் பிடியை, குழாயை உருவாக்கும் mknodat அழைப்பிடம் கொடுத்தான். இனி நிரல் எங்கே நகர்ந்தாலும் குழாய் அந்தக் கோப்புறையில்தான் உருவாகும். இரு நிரல்களையும் ஓடவிட்டான்.

கைப்பேசிக்குள் மணி அலறியது.

"அடிக்குது, அடிக்குது! காதே போச்சு!" என்று கத்தினார் கருப்பாத்தாள். "ரெண்டு கோழி உழுந்துபோச்சுங்க. மத்ததெல்லாம் தேறிக்கும்."

"ஓனர் திட்டுவாருங்களா?"

"திட்டட்டும். நீங்களா கூப்பிட்டுச் சொன்னீங்கன்னு நான் சொல்லிப்போடறேன் கண்ணு. சொல்லாம உட்டிருந்தா, சோறு தின்னு கையக் கழுவிட்டு மெதுவாத்தான் இங்க வந்திருப்பேன்."

சைமன் அழைப்பைத் துண்டிக்கவில்லை. திரையில் முப்பத்தைந்து, முப்பத்து நான்கு என்று அளவு இறங்கியது. முப்பத்திரண்டைத் தொட்டதும் மணி தானாக ஓய்ந்தது. கோழிகளின் கொக்கரிப்பு தெளிவாகக் கேட்டது.